வாடகையம்மா விட்ட பாம்பு

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, இடக்கை நகங்களை வெட்டியபடியே, ஊர்ப்பட்ட கூட்டம் சேரப்போகும் ஓர் ஆன்மிக மாநாட்டை மழைக்காலத்துக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் வாடகையம்மா. "மழை வந்தா என்ன சார்? கடவுள் சமாச்சாரம். அவரே நனைய விட்டுருவாரா?" என்கிறார். மறுமுனையில் ஏதோ முனகல். "சரி, கூரை இருக்குற மேற்குப் பக்கத்துல உங்க பெரியவங்கள உட்கார வச்சிருங்க. பக்தர்கள் பொறுத்துக்குவாங்க." நகத்துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போடுகிறார். மாநாடு மழைக்காலத்துக்குப் போய்விட்டது.

தேசிய விளையாட்டரங்கத்தின் முன்பதிவு அலுவலர் என்று அவருடைய கதவில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. காவலாளி முதல் தலைமை மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் வாடகையம்மாதான். ஆள் குள்ளம், குரல் கனம். தொலைபேசியில் மட்டும் பேசிப் பழகியவர்கள் நேரில் வந்தால் அவரையே பார்த்து, "மேடம் உள்ள இருக்காங்களா?" என்று கேட்பார்கள். "இருக்காங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களை நன்றாக எடைபோட்டு முடித்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்.

"இங்க விளையாட்டெல்லாம் நடக்குமா மேடம்?" என்று ஒரு பத்திரிகைக்காரர் ஒருமுறை கிண்டலாகக் கேட்டார். வாடகையம்மா கிண்டலை எடுத்துக்கொள்ளவே இல்லை. "நடக்கும் சார். நடுவுல நடுவுல அதுவும் நடக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த அரங்கத்தைக் கட்டியது என்னவோ பல நாடுகள் கலந்துகொண்ட ஒரு பெரிய விளையாட்டு விழாவுக்காகத்தான். விழா நெருங்க நெருங்கப் பணம் கரைந்துபோனதால் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் கூரை கிடைத்தது, கிழக்குப் பக்கத்துக்கு வானம் கிடைத்தது. மூன்று தலைவர்கள் இதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். முதலாமவர் திறந்ததை இரண்டாமவர் ஒப்புக்கொள்ளாமல் வேறொரு வாசலில் நாடாவை வெட்டினார். மூன்றாமவர் வந்தபோது நல்ல வாசல் எதுவும் மிச்சமில்லை, கழிப்பறைக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு கல்வெட்டு வைக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்தப் பக்கம் அவசரமாகப் போகிறவர்கள் எல்லோரும் அவருடைய பெயரைக் கடந்துதான் போகிறார்கள்.

விழா முடிந்து வெளிநாட்டு வீரர்கள் விமானம் ஏறியதும், இவ்வளவு பெரிய கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கால்பந்து ஆடினார்கள், ஓடினார்கள், ஈட்டி எறிந்தார்கள். ஆனால் மின்கட்டணத்தைக் கட்டியது என்னவோ மற்றதெல்லாம்தான். சர்க்கஸ் வந்தது, யானைகள் ஒரு பக்கத்து கோல் வலையைத் தின்றுவிட்டன. அரசு வேலைக்கான தேர்வைத் திறந்தவெளியில் நடத்தினார்கள். ஒரு காற்று அடித்ததில் விடைத்தாள்கள் எல்லாம் ஊருக்குள் பறந்து, யாருடைய விடைக்கோ யாருக்கோ வேலை கிடைத்ததாகப் பேச்சு. பதவியேற்பு, வாக்கு எண்ணிக்கை, ஒரே மேடையில் கூட்டம் கூட்டமாகக் கல்யாணம், குத்துச்சண்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஆற்றோரத்து ஜனங்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் படிவரிசையில் குடியிருந்தார்கள். விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் துணி காய்ந்தது, வெளியூர் அணிக்கான உடைமாற்றும் அறையில் ஒரு குழந்தை பிறந்தது. "அந்த அறையில ஜெயிச்ச முதல் ஆள் அந்தப் புள்ளதான்" என்று வாடகையம்மா சொல்வார். அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலின் கனம் கொஞ்சம் இறங்கும்.

இத்தனையும் நடந்தது புல்லின் மேல். அந்தப் புல்லை வளர்ப்பவர் வாடகையம்மாவின் கணவர். இதுதான் சிக்கல்.

புல்லுக்காரர் என்றால் அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், பாதி நேரம் குனிந்தே இருப்பதால் அவருடைய உயரம் பலருக்குத் தெரியாது. அவர் பார்த்துப் பார்த்து வளர்ப்பதை இந்த அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு மிதிக்கக் கொடுக்கிறார். "எமன் எங்கயோ எருமை மேல வர்றான்னு நினைச்சிட்டிருந்தேன். என் வீட்டுலயே அடுப்புப் பத்த வச்சிட்டிருக்கான்" என்று கேன்டீனில் புலம்புவார். கேன்டீன்காரர் அதை ஆறும் முன்பே கொண்டுபோய் வாடகையம்மாவிடம் சேர்ப்பார்.

குடியிருப்பு கிழக்குப் படிவரிசைக்கு அடியில். வீட்டுக் கூரை என்பது படிகளின் அடிப்பக்கம்தான். அதனால் கூடம் உயரமாகத் தொடங்கும், சமையல்கட்டுக்குப் போவதற்குள் தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்துவிடும். யாராவது கோல் போட்டால் மேலே ஜனங்கள் குதிப்பார்கள், கீழே தட்டில் சுண்ணாம்பு உதிரும். புல்லுக்காரர் அண்ணாந்து பார்த்து, "நம்மாளு போட்டுட்டான்" என்பார். எதிரணி போட்டால் சாப்பாடு சுத்தமாக இருக்கும்.

இருவருக்கும் சண்டை வந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். ஆனால் இருவர் இடுப்பிலும் அலுவலக வாக்கிடாக்கி உண்டு, அதில் பேசாமல் இருக்க விதியில் இடமில்லை. ஒரு மதியம் அரங்கமே கேட்டது: "முன்பதிவுப் பிரிவு, முன்பதிவுப் பிரிவு. குழம்புல உப்பு இல்ல." கொஞ்சம் கரகரப்புக்குப் பிறகு பதில் வந்தது: "புல்வெளிப் பிரிவு, உப்பு டப்பா அடுப்புக்கு வலப்பக்கம் இருக்கு. கை இருந்தா எடுத்துப் போட்டுக்கலாம்." நடுவில் காவலாளி புகுந்து, "அக்கா, வாசல்ல தண்ணி லாரி நிக்குது" என்றார்.

புல்லுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அது நல்ல குணம் என்பது, அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்திப் பார்க்காதவர்களின் கருத்து. ஒரு பெரிய கூட்டம் முடிந்து இறங்கிவந்த தலைவர், முதுகில் தட்டி, "என்னய்யா, கூட்டம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். "உங்க ஆளுங்க நிறைய துப்புறாங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வெகுநாள் அவருக்கு வாகன நிறுத்தத்தில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. வாடகையம்மா நடையாய் நடந்துதான் அவரைத் திரும்பப் புல்லுக்குக் கொண்டுவந்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் கடைசியில், புல்லுக்கு இரண்டு வாரம் ஓய்வு வேண்டும். புது விதை தூவி, மண் போட்டு, யாரும் கால் வைக்காமல் விட்டால்தான் அடுத்த வருஷத்துக்கு அது தாக்குப்பிடிக்கும். இதைத் தலைமை மேலாளரிடம் புல்லுக்காரர் முறையாகவே கேட்டார். மேலாளர் மீன்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். "புல்லுக்கு லீவா? எனக்கே லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அந்த வருஷம் அந்த இரண்டு வாரத்தில் கனரக வாகனக் கண்காட்சி நடந்தது. புல் செத்தது. புல்லுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்தவர், சாப்பிடக்கூட எழவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை, திட்டினாலும் திரும்பவில்லை. வாடகையம்மா வாழ்க்கையில் பயந்தது அந்த ஒரு வாரம்தான்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து கோடைக்கடைசியில் அரங்கம் கேட்டு வரும் யாருக்கும் அரங்கம் கிடைப்பதில்லை. ஒருவருக்கு ராணுவ ஒத்திகை. இன்னொருவருக்குச் சாக்கடை அடைப்பு. மூன்றாமவருக்கு விளக்குக் கம்பத்தில் கோளாறு. வாய் கூசாமல், குரல் நடுங்காமல், ஆளுக்கொரு கதை சொல்லி அனுப்பிவிடுவார் வாடகையம்மா. மேலாளருக்குத் தெரியாது. கணவருக்கும் தெரியாது. "அந்த நேரம் மட்டும் ஒரு பய வர்றதில்ல பாரு. என் நல்ல காலம்" என்று அவர் தன் ராசியை மெச்சிக்கொண்டிருப்பார். மனைவி மறுத்துப் பேசியதில்லை. எமன் என்ற பட்டத்தையும் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் அது வில்லங்கமாகிவிட்டது. ஓய்வு வாரம் முடிந்த கையோடு தேசிய கால்பந்து அணிக்கு ஒரு தகுதிப் போட்டி. வெளிநாட்டு அணி வருகிறது. ஜெயித்தால் பெரிய போட்டிக்குப் போகலாம், தோற்றால் வழக்கம்போல வீட்டுக்குப் போகலாம். அந்தச் சமயம் பார்த்து ஒரு கார் கம்பெனிக்காரர் அதே இரண்டு வாரத்தைக் கேட்டு ஒற்றைக்காலில் நின்றார். அவர் மேலாளருக்குத் தெரிந்தவர். ராணுவம் என்றால் விசாரிப்பார், சாக்கடை என்றால் வந்து எட்டிப்பார்ப்பார். நாலாவது முறை அவர் கூப்பிட்டபோது வாடகையம்மாவின் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

"பாம்பு இருக்கு சார்" என்றார்.

"பாம்பா? என்ன பாம்பு?"

"பக்கத்துல போய்ப் பேரு கேக்கல சார்."

கார் கம்பெனி ஓடிவிட்டது. வாடகையம்மா நிம்மதியாக ஒரு டீ குடித்தார். ஆனால் ராணுவ ஒத்திகை போல, சாக்கடை போல, பாம்பு சொன்ன இடத்தில் படுத்துக்கிடக்கவில்லை. கார் கம்பெனிக்காரர் மேலாளரிடம் கேட்டார். தன் அரங்கத்தில் நடப்பது தனக்கே தெரியாது என்று காட்டிக்கொள்ள முடியாத மேலாளர், "ஆமாம், நானே ஜன்னல் வழியா பார்த்தேன்" என்று சொல்லிவைத்தார். மேலாளர் பார்த்தபின் காவலாளி பார்க்காமல் இருந்தால் அவருடைய வேலைக்கு என்ன மரியாதை? அவரும் பார்த்தார், முழங்கைத் தடிமனாம். கேன்டீன்காரர் ஒருபடி மேலே போய் ஜோடியாகப் பார்த்தார். ஒரு பத்திரிகை கண், காது, மூக்கு வைத்து, படிவரிசைக்குக் கீழே பாம்புகள் பரம்பரையாகக் குடியிருப்பதாக எழுதியது. படிவரிசைக்குக் கீழே குடியிருப்பது வாடகையம்மாதான்.

செய்தி கடல் கடந்து போயிற்று. பாம்பு இருக்கும் மைதானத்தில் எங்கள் ஆட்கள் காலை வைக்க மாட்டார்கள், போட்டியை வேறு நாட்டுக்கு மாற்றுங்கள் என்று அந்த அணி கேட்டது. மேலாளர் பதறிப்போய் வாக்குக் கொடுத்தார்: புல்லை அடியோடு செதுக்கி, முழு மைதானத்துக்கும் மருந்து அடித்து, பாம்பு இல்லை என்று உங்கள் பிரதிநிதி முன்னால் நிரூபிக்கிறோம். ஓர் எறும்புகூட மிஞ்சாத மருந்தாம். எறும்பு மிஞ்சாத இடத்தில் புல் எங்கே மிஞ்சும்? விதை அப்போதுதான் முளைத்து, கண்ணுக்குப் பச்சையாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

எப்போது செதுக்கலாம் என்று கேட்பதற்குப் வாடகையம்மாவோடும் பாம்பைப் பார்த்தவர்களோடும் சேர்த்துப் புல்லுக்காரரை மேலாளர் அறைக்கு வரச்சொன்னார்கள். அவர் வாசலருகே நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை வாடகையம்மாவுக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று முன்னால் வந்தார்.

"சார், பாம்பே இல்ல. நான்தான் சொன்னேன். பொய்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன மேடம் சொல்றீங்க?"

"புல்லுக்கு இரண்டு வாரம் ஓய்வு வேணும். நீங்க தரல. அதனால வர்றவங்ககிட்ட வருஷா வருஷம் எதையாவது சொல்லி அனுப்புவேன். இந்தத் தடவை பாம்புன்னு சொல்லிட்டேன்."

"மேடம்" என்றார் மேலாளர், வெகு பொறுமையாக. "என் கண்ணால நான் பார்த்த பாம்ப நீங்க இல்லங்கிறீங்களா?"

"நீங்க எப்படி சார் பார்த்திருக்க முடியும்? நான்தான் உண்டாக்கினேன்."

"அக்கா பயந்துட்டாங்க சார்" என்றார் காவலாளி. "பாம்ப நேர்ல பார்த்தவங்களுக்கு அப்படித்தான் ஆகும். நானும் அன்னைக்குப் பூரா சாப்பிடல." கேன்டீன்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆண்டுக்கணக்காகப் பொய் சொன்னபோது ஒருவர்கூடச் சந்தேகப்படாத வாடகையம்மாவை, உண்மை சொன்ன அன்று நம்ப ஆளில்லை. மருந்துக்காரர்கள் நாளை மறுநாள் காலை வருவார்கள் என்று மேலாளர் பேச்சை முடித்துக்கொண்டார்.

வெளியே வந்து இருவரும் ஓடுபாதை ஓரமாக நடந்தார்கள். வாக்கிடாக்கி இரண்டும் அணைந்திருந்தன. "எத்தனை வருஷமா?" என்று கேட்டார் புல்லுக்காரர்.

"உங்க புல்லு உசுரோட இருக்குற வருஷமெல்லாம்."

புல்லுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டப் போய்விட்டார். குழாய் ஏற்கெனவே சுருட்டித்தான் இருந்தது.

வாடகையம்மா உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. பாம்பு பிடிப்பவர் ஒருவரைத் தேடிப்பிடித்து வரவழைத்தார். அவர் ஸ்கூட்டரில், ஒரு கொக்கியும் துணிப்பையுமாக வந்து, அரங்கத்தை மூலைமுடுக்கெல்லாம் துழாவினார். "ஒண்ணும் இல்லம்மா. நீங்க போடுற சத்தத்துக்கு எந்தப் பாம்பு இங்க குடியிருக்கும்?" என்றார்.

"இல்லன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் பார்க்க ஒண்ணு பிடிபட்டா மருந்து அடிக்க மாட்டாங்க. ஒண்ணு கொண்டு வர முடியுமா?"

அந்த மனிதருக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் பிடிக்கிறவன்மா. விடுறவன் இல்ல."

"சரி, கடைசியா எங்க பிடிச்சீங்க?"

"மரக்கடையில. ஒரு சாரை. பாவம், விஷமெல்லாம் கிடையாது. வீட்டுல டிரம்ல இருக்கு. ரெண்டு நாள்ல காட்டுல கொண்டுபோய் விடணும்."

"காட்டுக்கு இந்த வழியாத்தான போகணும்? போற வழியில இங்க ஒரு மணி நேரம் தங்கிட்டுப் போகட்டும்" என்றார் வாடகையம்மா. பிறகு, பழக்க தோஷத்தில், "வாடகை வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டார். பாம்பு பிடிப்பவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்குக் கூரைக்கு அடியில் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டி பார்க்க வாடகையம்மா தருவதாகச் சொன்ன சீட்டுகள் மீதியைப் பார்த்துக்கொண்டன.

மருந்து அடிக்க வேண்டிய காலையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். புகைப்படக்காரர்கள், மேலாளர், மருந்து டப்பாக்களோடு மருந்துக்காரர்கள். வெளிநாட்டு அணியின் பிரதிநிதி ஒரு மொழிபெயர்ப்பாளரை முன்னால் நிறுத்தி, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். பாம்பு பிடிப்பவர் கிழக்குப் பக்கத்து மழைநீர்க் கால்வாயில் இறங்கினார். தொழில்காரர், சும்மா சொல்லக்கூடாது: உடனே வெளியே வரவில்லை. மூச்சு வாங்கினார், எதையோ துரத்தினார், ஒருமுறை வழுக்கிக்கூட விழுந்தார். பிறகு, இரண்டு கையை விரித்தாலும் கொஞ்சம் மிஞ்சும் நீளத்தில் ஒரு சாரையை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டு, பைக்குள் இறக்கி வாயைக் கட்டினார்.

"இதேதான்" என்றார் காவலாளி. "அதே முகம்" என்றார் கேன்டீன்காரர், ஜோடியை மறந்துபோய். நான் அன்றே சொன்னேனே என்பதுபோல மேலாளர் வாடகையம்மாவைப் பார்த்தார், அதில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

பிரதிநிதி மட்டும் மசியவில்லை. மொழிபெயர்ப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார்: "இது உங்க ஆளுங்க முன்னாடி பார்த்த அதே பாம்புதானான்னு கேக்குறார். வேறொண்ணா இருந்தா மருந்து அடிச்சே ஆகணுமாம். ஆபீஸ்ல உட்காந்திருக்கிறவங்க சொன்னா நம்ப மாட்டாராம். தினமும் புல்லுல நடக்குறவர் யாரோ, அவர் சொல்லட்டும்னு சொல்றார். அவர் பார்த்தது எவ்வளவு நீளம்?"

எல்லோரும் திரும்பினார்கள். புல்லுக்காரர் குழாயும் கையுமாக ஓரத்தில் நின்றிருந்தார். காவலாளியிடம் கேட்கலாம், கேன்டீன்காரரிடம் கேட்கலாம், உலகத்தில் இந்த ஒரு மனிதரிடமா கேட்க வேண்டும்? அவர் பாம்பைப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு வராது. மருந்துக்காரர்களில் ஒருவர் டப்பாவின் மூடியைத் திருகத் தொடங்கினார். வாடகையம்மா கணவரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் முளைவிட்ட புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுய்யா" என்றார் மேலாளர்.

புல்லுக்காரர் குழாயைக் கீழே வைத்தார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மெதுவாக, தோளுக்கு நேராக, முழுசாக விரித்தார். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து, விரலை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.